மஞ்சள் குவியலும் மாலிப்டினமும்: கந்தக பேட்டரியின் அறுபது வருடக் கதை

கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்குப் போனவர்கள் எடுத்த புகைப்படங்களில் ஒரு விஷயம் அடிக்கடி தென்படும். தண்ணீருக்கு அந்தப் பக்கம், வடக்கு வான்கூவர் கரையில், மஞ்சள் தூளை மலை மாதிரிக் கொட்டி வைத்திருப்பார்கள். அது கந்தகம். எண்ணெய், எரிவாயு சுத்திகரிக்கும்போது அதிலிருந்து பிரித்தே ஆக வேண்டிய கழிவு. வாங்க ஆள் இருந்தால் உரத்துக்குப் போகும், இல்லாவிட்டால் இப்படிக் குவிந்து கிடக்கும். உலகம் முழுக்க ஒரு வருடத்துக்கு எட்டு கோடி டன் அளவுக்கு இது கிடைக்கிறது.

இந்த மஞ்சள் தூளை வைத்து பேட்டரி செய்யலாம் என்பது 1962-லேயே காப்புரிமை வாங்கப்பட்ட யோசனை. டனூட்டா ஹெர்பர்ட், ஜூலியஸ் உலாம் என்ற இருவர் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை இருக்கிறது. ஒரு பக்கம் லித்தியம், இன்னொரு பக்கம் கந்தகம். நம் கைபேசியில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி கடைக்கு வந்தது 1991-ல், சோனி மூலமாக. அதாவது கந்தக பேட்டரி முப்பது வருடம் மூத்தது. இருந்தும் நம் யார் சட்டைப் பையிலும் அது இல்லை.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கச்சாப்பொருள் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிறது, சரக்குக்கு உலகம் முழுக்கக் கிராக்கி இருக்கிறது, அப்படியும் அறுபது வருடமாக வியாபாரம் நடக்கவில்லை. இதைவிடப் பெரிய காமர்ஸ் கேள்வி வேறு என்ன இருக்க முடியும்? :-)

சரி, கதைக்கு வருவோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு வேதியியல் போதும். பேட்டரியின் நேர்முனையில் இருக்கும் பொருள் எத்தனை எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும், அதற்கு அந்தப் பொருள் எவ்வளவு கனம் என்பதுதான் விஷயம். ஒரு மோல் எலக்ட்ரான் என்பது 26.8 ஆம்பியர்-மணி மின்னூட்டம். கந்தகத்தின் அணு எடை 32. ஒரு கந்தக அணு இரண்டு எலக்ட்ரானை வாங்கும். ஆக 53.6-ஐ 32-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 1.675 ஆம்பியர்-மணி. இதை 1,675 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதுவார்கள்.

இதே கணக்கை வேறு இரண்டு பொருளுக்கும் போட்டுப் பார்ப்போம். இந்த இரண்டும் கதையில் பின்னால் வரப்போகிற முக்கியப் பாத்திரங்கள். டைட்டானியம் டைசல்ஃபைடு: எடை 112, வாங்குவது ஒரு எலக்ட்ரான், ஆக 239. மாலிப்டினம் டைசல்ஃபைடு: எடை 160, வாங்குவது ஒரு எலக்ட்ரான், ஆக 167 மட்டும். கந்தகத்தில் பத்தில் ஒரு பங்கு!

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. லித்தியத்தின் எடையையும் சேர்த்து, சுமார் 2.15 வோல்ட் என்று வைத்துப் பெருக்கினால் கந்தக பேட்டரிக்கு ஒரு கிலோவுக்கு 2,500 வாட்-மணி வருகிறது. இன்று நல்ல லித்தியம் அயான் செல் தருவது 250-லிருந்து 300 வரை. விளம்பரங்களில் வரும் "பத்து மடங்கு சக்தி" எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து கிளம்புவதுதான்.

அப்புறம் ஏன் ஓடவில்லை?

மூன்று வியாதிகள்.

ஒன்று, கந்தகம் மின்சாரத்தைக் கடத்தாது. சாதாரணமாகக் கடத்தாது என்று சொல்வதே குறைவு, நல்ல இன்சுலேட்டர் அது. எலக்ட்ரானை வாங்கத் தயாராக இருக்கிறது, ஆனால் எலக்ட்ரான் அதனிடம் போய்ச் சேர வழி இல்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருந்து கயிறு இல்லாத மாதிரி.

இரண்டு, லித்தியம் சேரச் சேர கந்தகம் ஊதும். முழுதாக லித்தியம் சல்ஃபைடு ஆகும்போது பருமன் சுமார் 80 சதவீதம் கூடிவிடும். ஒவ்வொரு முறை சார்ஜ் செய்யும்போதும் ஊதி, சுருங்கி, கடைசியில் மின்முனை பொடிந்துவிடும்.

மூன்றாவதுதான் பெரிய வில்லன். கந்தகம் ஒரே தாவலில் லித்தியம் சல்ஃபைடு ஆவதில்லை. எட்டு அணு வளையம் உடைந்து, எட்டு அணு, ஆறு அணு, நான்கு அணு என்று சங்கிலிகளாகக் குறையும். இவற்றுக்குப் பாலிசல்ஃபைடு என்று பெயர். இந்த நடுநிலைச் சங்கிலிகள் மின்பகுளித் திரவத்தில் பாயசத்தில் போட்ட வெல்லம் போலக் கரைந்துவிடும். கரைந்தவை எதிர்ப்பக்கம் நீந்திப் போய் லித்தியத்தைத் தொட்டு, அங்கே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு திரும்பி வரும். மறுபடி போகும், மறுபடி வரும். நீங்கள் வெளியே சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருப்பீர்கள், உள்ளே அது வீணாகிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். போகிற கந்தகத்தில் கொஞ்சம் திரும்பி வராமலேயே லித்தியத்தின் மேல் படிந்துவிடும். சில பத்து முறை சார்ஜ் செய்ததுமே பேட்டரி சோர்ந்துவிடும்.

தாள் தாளாக அடுக்கிய பொருள்கள்

1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பேட்டரி ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியது. வேடிக்கை என்னவென்றால் அதில் முன்னால் நின்றது ஒரு எண்ணெய் நிறுவனம், எக்ஸான். அங்கே 1972-ல் வேலைக்குச் சேர்ந்த ஸ்டான்லி விட்டிங்ஹாம் கந்தகத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. கந்தகத்தை ஒரு உலோகத்தோடு கட்டிப்போட்ட டைட்டானியம் டைசல்ஃபைடை எடுத்தார்.

இந்தப் பொருளின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை முழுவதும் புரிந்துவிடும். ஒரு சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் நடுவில் டைட்டானியம், மேலும் கீழும் கந்தகம். சீட்டுக்குள் பிணைப்பு பலமானது, சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையே பிணைப்பு பலவீனமானது. அந்த இடைவெளியில் லித்தியம் நுழையும், வெளியே வரும். சீட்டு குலையாது, கரையாது, மின்சாரத்தையும் கடத்தும். அதாவது கந்தகத்தின் மூன்று வியாதியும் இதற்கு இல்லை. கொடுத்த விலை, 1,675-க்குப் பதில் 239. விட்டிங்ஹாம் 1976-ல் சயின்ஸ் இதழில் இதை விளக்கி எழுதினார்.

ஆனால் டைட்டானியம் டைசல்ஃபைடு ஈரக்காற்று பட்டால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். எதிர்ப்பக்கத்தில் இருந்த லித்தியம் உலோகமும் தொல்லை கொடுத்தது. சார்ஜ் செய்யும்போது லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவிலிருக்கும் தடுப்பைத் துளைத்து, ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கும். 1980-களின் தொடக்கத்தில் எக்ஸான் இந்த வேலையைக் கைவிட்டது.

அடுத்து வந்தது மாலிப்டினம் டைசல்ஃபைடு. இது பலருக்கும் தெரியாமலே பழக்கமான பொருள். மெக்கானிக் கடையில் "மாலி கிரீஸ்" என்று கறுப்பாக ஒன்று இருக்குமே, அதில் இருப்பது இதுதான். சீட்டு சீட்டாக வழுக்குவதால்தான் அது உராய்வைக் குறைக்கிறது. பூமியிலிருந்து தாதுவாகவே கிடைக்கும். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ரூடி ஹேரிங் இதை வைத்து பேட்டரி செய்யலாம் என்று இறங்கினார். 1977-ல் மோலி எனர்ஜி என்ற நிறுவனம் பிறந்தது.

ஹேரிங்கும் அவரது சகா பை என்பவரும் 1983-ல் ஒரு முக்கியமான விஷயத்தை எழுதினார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு இயல்பில் ஒரு குறைகடத்தி. ஆனால் லித்தியம் உள்ளே போனதும் சீட்டுக்குள் இருக்கும் அணுக்களின் அடுக்கே இடம் மாறிவிடுகிறது. இப்படி மாறிய வடிவம் உலோகம் மாதிரி மின்சாரத்தைக் கடத்தும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருடம் கழித்து வேலைக்கு வரும்.

மோலியின் பேட்டரி 1980-களின் பிற்பகுதியில் கடைக்கு வந்தது. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியைப் பெரிய அளவில் விற்ற முதல் நிறுவனம் என்றே சொல்லலாம். 1989-ல் ஜப்பானில் கைபேசிக்குள் இருந்த மோலி பேட்டரி ஒன்று தீப்பிடித்து, வைத்திருந்தவருக்குத் தீக்காயம். விற்ற பேட்டரிகள் எல்லாம் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் தாங்கவில்லை. ஜப்பானிய நிறுவனங்களின் கைக்குப் போய், பிறகு தைவான்காரர்களிடம் போனது. தீக்குக் காரணம் எதிர்ப்பக்கத்து லித்தியம் உலோகம். பழி என்னவோ முழு பேட்டரிக்கும் சேர்ந்து விழுந்தது. இரண்டு வருடத்தில் சோனி, லித்தியம் உலோகமே இல்லாத பேட்டரியைக் கொண்டுவந்ததும் உலகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவம். மோலிக்குப் பக்கத்திலேயே, பர்னபியில் இருக்கும் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஜோன்சன், ஃப்ரிண்ட், மாரிசன் என்ற மூவர் 1986-ல் ஒரு வேலை செய்தார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடைப் பியூட்டைல் லித்தியத்தில் ஊறவைத்து, லித்தியத்தைச் சீட்டுகளுக்கு நடுவே நுழைத்தார்கள். பிறகு தண்ணீரில் போட்டார்கள். லித்தியமும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு பொங்க, அந்த வேகத்தில் சீட்டுக்கட்டு தனித்தனிச் சீட்டாகப் பிரிந்தது. ஒரு அடுக்கு மட்டுமே கனமுள்ள தாள்! மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் செலோடேப்பை ஒட்டி உரித்து கிராஃபீனை எடுத்து உலகப் புகழ் பெற்றது 2004-ல். அதற்குப் பதினெட்டு வருடம் முன்னால் நடந்தது இது. அன்று அதைப் பெரிதாகக் கண்டுகொண்டவர்கள் குறைவு.

கந்தகம் திரும்பி வந்தது

1990-களிலும் கந்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிலர் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள சயான் பவர் அப்படிப்பட்ட நிறுவனம். மின்பகுளியில் லித்தியம் நைட்ரேட் சேர்த்தால் லித்தியத்தின் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகி, பாலிசல்ஃபைடின் போக்குவரத்து குறையும் என்று அவர்கள் கண்டார்கள். 2010 ஜூலையில் கினெட்டிக் நிறுவனத்தின் ஸெஃபிர் என்ற ஆளில்லா விமானம் அரிசோனாவில் இரண்டு வாரம், கணக்காகச் சொன்னால் 336 மணி நேரத்துக்கு மேல், இறங்காமல் பறந்தது. பகலில் சூரிய ஒளி, இரவில் சயான் பவரின் கந்தக பேட்டரி. எடைதான் முக்கியம், ஆயுள் அவ்வளவு முக்கியமில்லை என்ற இடத்தில் கந்தகம் ஜெயித்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய திருப்பம் 2009-ல் வந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழு, நுண்துளைகள் வரிசையாக உள்ள கார்பனுக்குள் உருகிய கந்தகத்தை உறிஞ்சவைத்தது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், துளை கந்தகத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கிராம் கந்தகத்துக்கு 1,320 வரை கிடைத்தது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த துறை விழித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் கிராஃபீன் சூடாக இருந்தது. 2010-ல் நோபல் பரிசும் வாங்கியது. ஒரே அணு கனமுள்ள கார்பன் தாள், மின்சாரத்தை அபாரமாகக் கடத்தும். கோட்பாட்டளவில் ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பளவு சுமார் 2,630 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் அறுபத்தைந்து சென்ட் நிலம்! கந்தகத்துக்குப் போர்வை போர்த்த இதைவிட நல்ல துணி எங்கே கிடைக்கும்? 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹொங்ஜியே டாய், யி குய் ஆகியோரின் குழுவினர் கந்தகத் துகள்களைக் கிராஃபீனால் சுற்றினார்கள். நூறு முறைக்கு மேல் சார்ஜ் செய்தும் சுமார் 600 நின்றது. கிராஃபீன் தாள் மடங்கி நெளிந்து கொடுப்பதால் கந்தகம் ஊதுவதற்கும் இடம் இருந்தது.

2012-ல் வந்த இன்னொரு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கந்தகத்தோடு எதையும் கலக்க வேண்டாம், கந்தக மின்முனைக்கும் தடுப்புக்கும் நடுவில் மின்சாரம் கடத்தும் ஒரு கார்பன் தாளைச் செருகினால் போதும். தப்பித்து வரும் பாலிசல்ஃபைடு அங்கே மாட்டிக்கொள்ளும். தாள் மின்சாரம் கடத்துவதால் மாட்டியது அங்கேயே வேலையும் செய்யும். இதைச் செய்தது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆறுமுகம் மந்திரம் குழு. பெயரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். தமிழ்நாட்டின் தென்பகுதியில் அமரபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கி, ஜான் குட்இனஃபிடம் போய்ச் சேர்ந்தவர். 2019-ல் லித்தியம் பேட்டரிக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயது குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வாசித்தவர் இவர்தான். இந்தச் செய்தி நம் பத்திரிகைகளில் இன்னும் பெரிதாக வந்திருக்கலாம்.

போர்வை போதாது, பசையும் வேண்டும்

கிராஃபீனில் ஒரு குறை இருந்தது. கார்பனுக்குப் பாலிசல்ஃபைடு மேல் பெரிய ஈர்ப்பு இல்லை. சுற்றி வைக்கலாம், ஆனால் பிடித்து வைக்காது. இடுக்கு கிடைத்தால் நழுவிவிடும். மின்சாரமும் கடத்த வேண்டும், ஒட்டவும் வேண்டும், தாள் மாதிரி மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த பொருளுக்கான தேடல் தொடங்கியது.

2011-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் நகீப், கோகோட்சி, பார்சும் குழுவினர் எம்க்சீன் என்ற புதிய குடும்பத்தையே கண்டுபிடித்தார்கள். டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த தாள்கள். நடுவிலிருக்கும் அலுமினியத்தை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டால் மீதி தாள் தாளாக நிற்கும். உலோகம் போலக் கடத்தும், மேல்பரப்பில் இருக்கும் டைட்டானியம் கந்தகத்தை இறுகப் பிடிக்கும். 2015-ல் நாசர் குழு இதில் கந்தகத்தை ஏற்றிக் காட்டியது. சுமார் 1,200 கிடைத்தது. 400 முறைக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சியது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2014-ல், ஸ்டான்ஃபோர்டில் யி குய் குழுவின் ஸீ வெய் ஸே உள்ளிட்டோர் லித்தியம் சல்ஃபைடைச் சுற்ற ஒரு போர்வை தேடினார்கள். அவர்கள் எடுத்த பொருள்களில் ஒன்று எது தெரியுமா? டைட்டானியம் டைசல்ஃபைடு! 1976-ல் விட்டிங்ஹாமின் கதாநாயகன். எக்ஸான் கைவிட்ட அதே சரக்கு. 239 என்ற கொள்ளளவுக்காக இந்த முறை யாரும் அதைக் கூப்பிடவில்லை. கடத்தும், கந்தகத்தைப் பிடிக்கும், தாளாக இருக்கும், இந்த மூன்றுக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

வகுக்கும் எண்ணில் இருக்கிறது சூட்சுமம்

இந்த வருடங்களில் ஆய்வுக்கட்டுரைகள் மழையாகக் கொட்டின. ஒவ்வொன்றிலும் 1,000, 1,200, 1,400 என்று எண்கள். 2020-ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தபோது "கைபேசி ஐந்து நாள் ஓடும்" என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் கடையில் எதுவும் வரவில்லை. ஏன்?

இங்கேதான் நம் பாடம் உதவிக்கு வருகிறது. லாப விகிதம் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எதன் மேல் விகிதம் என்பது. விற்பனை மேலா, முதலீட்டின் மேலா? பேட்டரிக் கட்டுரைகளில் வரும் எண் பெரும்பாலும் "ஒரு கிராம் கந்தகத்துக்கு". பேட்டரியில் கந்தகம் மட்டுமா இருக்கிறது?

மேலே சொன்ன எம்க்சீன் மின்முனையையே எடுப்போம். அதில் கந்தகம் 70 சதவீதம், எம்க்சீன் 30 சதவீதம். 1,200 என்பது கந்தகத்துக்கு. தாளின் எடையையும் சேர்த்தால் 840. இது பரவாயில்லை. பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது, திரவத்தில்.

ஆய்வகச் சிறு செல்களில் ஒரு மில்லிகிராம் கந்தகத்துக்கு 10, 20 மைக்ரோலிட்டர் வரை மின்பகுளி ஊற்றுவது சகஜம். 20 என்று வைத்தால் ஒரு கிராம் கந்தகத்துக்கு 20 மில்லிலிட்டர், எடை 22 கிராம் அளவுக்கு வரும். ஒரு கிராம் கந்தகம் தருவது 1.2 ஆம்பியர்-மணி, 2.1 வோல்ட்டில் சுமார் 2.5 வாட்-மணி. இதை மொத்தம் 23 கிராமால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 110 வாட்-மணிதான். லித்தியம், உலோகத் தகடு, உறை எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை! இப்போது கையில் இருக்கும் கைபேசி பேட்டரி இதில் இரண்டு மடங்குக்கு மேல் தருகிறது. 2,500 என்று ஆரம்பித்த கதை 110-ல் வந்து நிற்கிறது.

திரவத்தைக் குறைக்கலாமே என்றால், நுண்துளை கார்பனும் நெளிநெளிக் கிராஃபீனும் பஞ்சு மாதிரி. அந்தத் துளை எல்லாம் நனைந்தால்தான் பேட்டரி ஓடும். கந்தகத்தைக் காப்பாற்ற வைத்த பஞ்சே திரவத்தைக் குடித்து எடையைக் கூட்டியது. வேலைக்கு வைத்த ஆளின் சம்பளம் வருமானத்தை விழுங்கின கதைதான்.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஆக்சிஸ் எனர்ஜி என்ற நிறுவனம் கந்தக பேட்டரிக்கென்றே நடந்தது. பிரேசிலில் தொழிற்சாலை கட்டப்போவதாகவும் அறிவித்திருந்தது. 2021 மே மாதம் பணம் தீர்ந்து திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதன் காப்புரிமைகள் முதலில் ஜான்சன் மேத்தே நிறுவனத்துக்கும், 2023-ல் ஆஸ்திரேலியாவின் ஜெலியானுக்கும் போய்ச் சேர்ந்தன. இரண்டு வாரம் பறந்த ஸெஃபிர்கூட பின்னாளில் ஏர்பஸ் கைக்குப் போய், சிலிக்கான் சேர்த்த லித்தியம் அயான் பேட்டரிக்கு மாறிக்கொண்டது. 2022-ல் 64 நாள் பறந்தது அந்த பேட்டரியில்தான். சயான் பவரும் கந்தகத்தை ஒதுக்கிவிட்டு வேறு வகை லித்தியம் உலோக பேட்டரிக்குப் போய்விட்டது.

கிரீஸ் டப்பாவிலிருந்து ஒரு மறுபிரவேசம்

2023-ல் நேச்சர் எனர்ஜி இதழில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மனிஷ் சோவல்லா குழுவின் கட்டுரை வந்தது. கந்தகத்தைத் தாங்க அவர்கள் எடுத்தது கிராஃபீன் இல்லை. லித்தியம் ஏற்றி உலோகநிலைக்கு மாற்றிய மாலிப்டினம் டைசல்ஃபைடு தாள்கள். ஆம், மோலி எனர்ஜியின் அதே பொருள். 1983-ல் ஹேரிங் பார்த்த அதே வடிவ மாற்றம். 1986-ல் பர்னபியில் பிரித்தெடுத்த அதே தாள்.

இதன் சிறப்பு என்ன? உலோகநிலையில் இருப்பதால் எலக்ட்ரான் போக வழி கிடைக்கிறது. ஏற்கனவே லித்தியம் உள்ளே இருப்பதால் லித்தியம் அயானும் சுலபமாக நகர்கிறது. பாலிசல்ஃபைடைப் பிடித்துக்கொள்வதோடு, அடுத்த நிலைக்குச் சீக்கிரம் மாறவும் தூண்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பஞ்சு மாதிரி இல்லாமல் அடர்த்தியாக இருக்கிறது. அதனால் திரவம் குறைவாகப் போதும். அவர்கள் கொடுத்த எண் ஒரு கிராம் கந்தகத்துக்கு என்று நிற்காமல் முழு பை வடிவ செல்லுக்குமாக இருந்தது: ஒரு கிலோவுக்கு 441 வாட்-மணி, ஒரு லிட்டருக்கு 735 வாட்-மணி. 200 முறைக்குப் பிறகு 85.2 சதவீதம் மிஞ்சியது.

2,500 எங்கே, 441 எங்கே என்று தோன்றலாம். ஆனால் இந்த 441-ல் வகுக்கும் எண் ஒழுங்காக இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 200 முறை என்பது தினம் சார்ஜ் செய்யும் கைபேசிக்கு ஏழு மாதம் கூட வராது. எதிர்ப்பக்கத்தில் இன்னும் லித்தியம் உலோகம்தான், மோலியைச் சாய்த்த அதே லித்தியம். மாலிப்டினம் டைசல்ஃபைடை உலோகநிலைக்கு மாற்ற ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் பியூட்டைல் லித்தியம் காற்றில் பட்டாலே பற்றிக்கொள்ளும் சரக்கு. எம்க்சீனுக்கோ கண்ணாடியையே அரிக்கும் அமிலம் வேண்டும். கந்தகம் மலிவு என்பது உண்மை, அதை வேலை செய்யவைக்கும் தாள் மலிவாகும் வரைக்கும் பேட்டரி மலிவாகாது.

நம்பிக்கை வைப்பவர்களும் குறையவில்லை. 2024 டிசம்பரில் கார் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ், ஸீட்டா எனர்ஜியோடு சேர்ந்து 2030-க்குள் காருக்குக் கந்தக பேட்டரி கொண்டுவரப்போவதாக அறிவித்தது. கிராஃபீன் வகைக் கார்பனை நம்பி கலிஃபோர்னியாவில் நடக்கும் லைட்டன் நிறுவனம் 2024 அக்டோபரில் நெவாடாவின் ரீனோ பக்கத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் போட்டுத் தொழிற்சாலை கட்டும் திட்டத்தை அறிவித்தது. 2025 ஆகஸ்டில் திவாலான ஸ்வீடனின் நார்த்வோல்ட் சொத்துகளை வாங்க ஒப்பந்தமும் போட்டது. இவை எல்லாம் அறிவிப்புகள். ஆக்சிஸும் ஒரு காலத்தில் அறிவித்தது.

இந்தக் கதையைத் தேடிப் படித்ததில் என் மனதில் நின்றது இதுதான். டைட்டானியம் டைசல்ஃபைடும் மாலிப்டினம் டைசல்ஃபைடும் கதாநாயகனாக நடித்துத் தோற்றவை. அவற்றின் 239-ம் 167-ம் கந்தகத்தின் 1,675-க்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த 1,675-ஐத் தனியாக யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை. தோற்ற இரண்டும் துணைப் பாத்திரமாகத் திரும்பி வந்த பிறகுதான் கந்தகத்துக்கே கை கால் முளைத்தது. ஹேரிங்கும் விட்டிங்ஹாமும் அந்தத் தாள்களைப் பொறுமையாக ஆராய்ந்து எழுதி வைக்காமல் போயிருந்தால், இன்று தேடுகிறவர்களுக்கு எங்கே தேடுவது என்றே தெரிந்திருக்காது. நிறுவனம் மூழ்கினால் அதில் கற்றதும் மூழ்கிவிட்டது என்று எழுதி வைக்க நம் கணக்குப் புத்தகத்தில் இடம் உண்டு. ஆனால் வான்கூவரில் 1983-லும் 1986-லும் எழுதியது மூழ்கவில்லை.

அடுத்த முறை "பத்து மடங்கு சக்தி கொண்ட புதிய பேட்டரி" என்று செய்தி வந்தால் நண்பர்களுக்கு ஃபார்வர்ட் செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதன் ஒரு கிராமுக்கு?" பங்கு வாங்கச் சொல்லி யாராவது அந்தச் செய்தியை நீட்டினால் அதே கேள்வியை இரண்டு முறை கேளுங்கள்.

இதில் வேதியியல் படிக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால், லித்தியம் உலோகத்தின் ஊசி வளர்ச்சியைத் தடுக்க இப்போது என்ன செய்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். அதை வைத்து அடுத்த பதிவு போட்டுவிடலாம்.